வண்டிக்கு எது சொந்த ஊர்?

மதுரையில் பதிவான பைக்கை ரயிலில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோகும் ஒருவர், நம்பரை எப்போது மாற்ற வேண்டும் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் முப்பது நாள் என்பார். இன்னொருவர் ஒரு வருஷம் வரை யாரும் கேட்க முடியாது என்பார். புரோக்கர், உடனே மாற்றாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துவார். ஊரிலிருக்கும் பெரியப்பா, "இந்தியா பூரா ஓட்டலாம்னுதானே ஆர்.சி. குடுத்திருக்கான், எதுக்கு மாத்தணும்?" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், நாலு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு விதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் வண்டிப் பதிவு மத்திய அரசின் சட்டப்படி நடக்கிறது. வண்டிக்கான வரியை மாநில அரசு தன் சட்டப்படி வாங்குகிறது. இரண்டு வேலையும் ஒரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடப்பதால் நமக்கு ஒன்று போலத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே சொல்லப்போவது சொந்த உபயோகத்துக்கான கார், பைக் பற்றி மட்டும். டாக்ஸி, லாரி, ஆம்னி பஸ் எல்லாம் பெர்மிட் சம்பந்தப்பட்டவை. நாகாலாந்து, புதுச்சேரி போன்ற வெளி இடங்களின் நம்பரோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஆம்னி பஸ்களுக்கு 2024 ஜூனில் தமிழக அரசு தடை போட்டது நினைவிருக்கலாம். அந்தச் சண்டைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

வண்டி எங்கே நிற்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-வது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உரிமையாளருக்கு எங்கே வீடோ தொழில் நடத்தும் இடமோ இருந்து, வண்டியும் வழக்கமாக அங்கேயே நிறுத்தப்படுகிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்களுக்கு அங்கே ஒரு வீடோ தொழிலிடமோ வேண்டும், வண்டியும் அங்கே நிற்க வேண்டும்.

சட்டம் எதையெல்லாம் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். எங்கே பிறந்தீர்கள் என்று கேட்கவில்லை. வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடியிருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் அந்தப் பிரிவில் கிடையாது. கல்லூரியில் சேரும்போது தாசில்தார் அலுவலகத்தில் வாங்குகிறோமே, இருப்பிடச் சான்றிதழ், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன வாரம்தான் சென்னைக்கு வாடகைக்கு வந்தவர் என்றாலும், புதிதாக வாங்கும் வண்டி சென்னையில்தான் நிற்கப்போகிறது என்றால், தமிழ்நாட்டில்தான் பதிவு செய்ய வேண்டும். அதே மாதிரி, திருநெல்வேலியில் வீடு, வயல் எல்லாம் இருந்தும் பத்து வருஷமாக ஹைதராபாத்தில் குடியிருப்பவர், அங்கே ஓட்டப்போகும் காரை ஊர் ஆதார் அட்டையைக் காட்டி டி.என். 72 என்று பதிவு செய்தால், முகவரி பொய்யில்லைதான். ஆனால் வண்டி அங்கே நிற்கவில்லையே. நம் ஆட்கள் சொந்த ஊர்ப் பாசத்தில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

எல்லை ஊர்களில் இது இன்னும் சுவாரசியமாகிவிடும். ஓசூரை எடுத்துக்கொள்ளலாம். வீடு ஓசூரில், வேலை பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் என்று ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகும் கார் பகல் முழுக்கக் கர்நாடகத்தில் நிற்கிறது, இரவு ஓசூர் வீட்டு வாசலுக்குத் திரும்புகிறது. அந்தக் காருக்கு டி.என். 70-தான் சரி. அலுவலகம் அவர் வேலை பார்க்கும் இடமே தவிர, அவர் நடத்தும் தொழிலிடம் அல்ல. குடியிருப்பு ஓசூரில், வண்டி இரவில் தங்குவதும் ஓசூரில். இதைத் திருப்பிப் போட்டால், பெங்களூரில் வசிக்கும் ஒருவர் ஓசூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கிறார், பட்டறை வேலைக்கென்று ஒரு வண்டி அங்கேயே நிற்கிறது என்றால், அதைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய அவருக்குத் தாராளமாக உரிமை உண்டு. தொழிலிடம் என்று சட்டம் சேர்த்திருப்பது இந்த மாதிரி ஆட்களை நினைத்துத்தான்.

கம்பெனி பெயரில் இருக்கும் கார்களும் இந்த வகையில் வருபவையே. அங்கே உரிமையாளர் கம்பெனி. ஓட்டுகிற மேனேஜர் இல்லை. தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தால் கார் எச்.ஆர். 26 என்று பதிவாகிச் சென்னைக்கு வந்து சேரும். வந்த பிறகு இங்கேயே தங்கிவிட்டால், கீழே சொல்லப்போகும் பன்னிரண்டு மாதக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

முன்பெல்லாம் மாநிலம் மட்டுமல்ல, அந்தப் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ.வும் கட்டாயமாக இருந்தது. திருவான்மியூர்ப் பக்கம் வீடு என்றால் டி.என். 07, கே.கே. நகர்ப் பக்கம் என்றால் டி.என். 09. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவு செய்யலாம் என்று 40-வது பிரிவை மாற்றினார்கள். இதை வைத்து 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும், உரிமையாளர் தன் மாநிலத்துக்குள் விரும்பிய அலுவலகத்தில் பதிவு கேட்கலாம் என்ற வழியிலேயே தீர்ப்புச் சொன்னது. நடைமுறையில் ஷோரூம்காரர்கள் தங்களுக்குப் பழகிய அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பத்தை அனுப்புவார்கள். இன்ன ஊர் நம்பர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முகவரிக்கு என்ன காட்டுவது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 4-வது விதி ஒரு பட்டியல் தருகிறது. வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, அரசு அலுவலகச் சம்பளச் சீட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் பிரமாணப் பத்திரத்துக்கும் இடம் உண்டு. இப்போது ஆதார் வந்துவிட்டதால் பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

வாடகை வீட்டுக்காரர்களுக்குத்தான் தலைவலி. ஆதாரில் ஊர் முகவரி, வண்டி நிற்பது வேறு மாநிலத்தில். பெரும்பாலான ஆர்.டி.ஓ.க்களில் வாடகை ஒப்பந்தத்தோடு இன்னொரு ஆதாரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள்: கேஸ் இணைப்பு, வேலை பார்க்கும் இடத்துக் கடிதம் என்று ஏதாவது. என்ன வேண்டும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். என் கருத்து, ஒரு வருஷத்துக்கு மேல் தங்கப்போவது உறுதியானால் முதலில் ஆதார் முகவரியை மாற்றிவிடுவதே மேல். ஆதாரைக் கொண்டு இணையத்திலேயே முடிக்கக்கூடிய வேலைகள் மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் பெருகிவருகின்றன. அட்டையில் பழைய முகவரி இருந்தால் ஒவ்வொரு படியிலும் இடறும்.

வேறு மாநில ஷோரூமில் வாங்கினால்?

நீங்கள் விரும்பும் நிறம் சென்னையில் இல்லை, பெங்களூர் ஷோரூமில் இருக்கிறது. வாங்கலாமா? தாராளமாக. எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் எங்கே பதிவு செய்கிறீர்கள் என்பதும் வேறு வேறு. அங்கே தற்காலிகப் பதிவு போட்டு ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே நிரந்தரப் பதிவு செய்ய வேண்டும். சட்டத்தின் 43-வது பிரிவு இதற்காகவே தற்காலிகப் பதிவை எந்தப் பதிவு அலுவலகத்திலும் வாங்க அனுமதிக்கிறது. வண்டியைக் கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டிவந்த பயண நாட்களை இதில் சேர்க்க வேண்டியதில்லை. உள்ளூர் ஷோரூமில் வாங்கினால் டீலரே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவார். வெளிமாநில டீலர் என்றால் அந்த அலைச்சல் உங்கள் தலையில்.

வாங்கும் இடத்தில் சாலை வரியைக் கட்டிவிடாதீர்கள். பில்லில் ஆன்ரோடு விலை என்று மொத்தமாகப் போட்டிருந்தால் வரியை நீக்கச் சொல்லி, வண்டியின் விலை, காப்பீடு, தற்காலிகப் பதிவு ஆகியவற்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

வீடு மாறினால்

ஒரே மாநிலத்துக்குள் வீடு மாறுவது சுலபமான விஷயம். தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனால் நம்பர் மாறாது, வரி மறுபடி கிடையாது, பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) வேண்டாம். ஆர்.சி.யில் முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். 49-வது பிரிவு இதற்கு 30 நாள் தருகிறது, படிவம் 33. நாலு பதிலில் முதலாவது ஆசாமி சொன்ன முப்பது நாள் இங்கிருந்து வந்திருக்கலாம். பல பேர் வருஷக்கணக்கில் இதைச் செய்வதே இல்லை. பெரிய அபராதம் ஒன்றும் இல்லைதான். ஆனால் கேமராவில் விழுந்த அபராத நோட்டீஸும் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதமும் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மாநிலம் மாறினால் கதை வேறு. 46-வது பிரிவின்படி ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். பெரியப்பா சொன்னது சரிதான். ஆனால் அடுத்த பிரிவையும் அவர் படித்திருக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், அந்த மாநிலத்தில் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. விதிகளின்படி, அந்த 12 மாதம் முடிந்த 30 நாளுக்குள் படிவம் 27-ல் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே மறுபடியும் கவனியுங்கள், நீங்கள் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பது கேள்வியே இல்லை. வண்டி எத்தனை மாதம் இருந்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் மூன்று வருஷமாகப் புனேயில் இருந்து, காரைப் போன மாதம்தான் வரவழைத்தீர்கள் என்றால் கணக்கு போன மாதத்திலிருந்துதான். மாற்றாக, ஆறு மாதத்துக்கென்று வந்து வண்டியை நண்பரிடம் விட்டுவிட்டுப் போனால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு ஊருக்கு ஓட்டிப்போய் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை நம்பி இருக்க மாட்டேன். நாலு நாள் விடுமுறைக்குப் போய்வந்த வண்டியை அதிகாரி ஊரில் வைத்திருந்த வண்டியாகப் பார்க்கப்போவதில்லை.

அதனால் வண்டி எப்போது மாநிலத்துக்குள் வந்தது என்பதற்கு ஒரு தடயம் கையில் இருப்பது நல்லது. ரயிலில் பைக்கை அனுப்பிய பார்சல் ரசீது, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பில், எல்லையைத் தாண்டிய சுங்கச்சாவடியைக் காட்டும் ஃபாஸ்டேக் கணக்கு, புது வேலைக்கான உத்தரவு. சாலையில் நிறுத்தி, எத்தனை நாளாக இங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்கும்போது வாய்ப்பேச்சை விட இந்தக் காகிதங்களுக்கு மதிப்பு அதிகம்.

என்.ஓ.சி. என்ற பெரிய படி

புது நம்பர் வாங்கப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். எல்லோரும் சொல்வது என்.ஓ.சி. என்றுதான். படிவம் 28. வண்டி திருட்டு வழக்கில் சிக்கவில்லை, வரி பாக்கியில்லை என்பதைப் பழைய அலுவலகம் பார்த்து எழுதித் தரும் சான்று அது. வண்டி கடனில் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். பலருக்கு நாள் இழுப்பது இங்கேதான். நிலுவையில் இருக்கும் போக்குவரத்து அபராதங்களையும் முதலில் கட்டிவிடுங்கள், கணினியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி 48-வது பிரிவில் இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள், தர மறுக்கிறோம் என்று அலுவலகம் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் என்.ஓ.சி. தரப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது சட்டம். மறுத்தால் காரணத்தையும் எழுதித்தர வேண்டும். இதைக் கவுண்ட்டரில் போய்ச் சட்டம் பேசினால் வேலை நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் விண்ணப்பம் கொடுத்த தேதிக்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க இது போதுமான காரணம்.

என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். அதனால் புது வீட்டு முகவரி முடிவானபிறகு விண்ணப்பிப்பது நல்லது. பெங்களூர் என்று பொதுவாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு அலுவலகத்தின் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு அல்லாடுபவர்கள் உண்டு.

புது நம்பர் கிடைத்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், காப்பீட்டுப் பாலிசி, ஃபாஸ்டேக் மூன்றிலும் மாற்ற வேண்டும். இதில் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாலிசியில் ஒரு நம்பரும் வண்டியில் வேறு நம்பரும் இருக்கும் நிலையில் விபத்து நடந்தால், பணம் கேட்டுப் போகும்போது முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

உண்மையான வலி, வரி

அபராதத்துக்குப் பயந்து யாரும் நம்பர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில்லை. வரிக்குப் பயந்துதான் தள்ளிப்போடுகிறார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், வண்டிகள்மீது வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் 57-வது இடத்தில் இருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி, புதுக் கார் 5 லட்சம் வரை என்றால் விலையில் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 15, அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. அதாவது 25 லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 5 லட்சம். ஆயுள் வரி என்ற பெயரைக் கேட்டு, வண்டியின் ஆயுளுக்கும் நாடு முழுக்கவும் கட்டியாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணம் முழுக்க அந்த ஒரு மாநிலத்தின் கஜானாவுக்குப் போயிருக்கிறது. அடுத்த மாநிலம், என் சாலையில் ஓட்டுவதற்கு எனக்கென்ன என்று கேட்கும்.

புது மாநிலத்தில் நம்பர் மாற்றும்போது, வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்து அங்கேயும் ஆயுள் வரி வாங்குவார்கள். பழைய மாநிலத்தில் கட்டியதில் மீதி வருஷங்களுக்கான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் புது இடத்தில் முழுசாகக் கட்ட வேண்டும், புது ஆர்.சி. வர வேண்டும், அதன் நகலோடு பழைய ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம்தான் பணம் வரும். நடுவில் பல மாதங்கள் இரண்டு மாநிலத்திலும் உங்கள் பணம் மாட்டிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாடு மக்களுக்கு நியாயமாக இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டு அரசுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டியதை ஒரு சம்பளக்காரர் தன் சேமிப்பிலிருந்து முன்பணமாகப் போடுகிறார்.

அந்த முப்பது நாள் விவகாரத்துக்கு இன்னொரு மூலமும் இங்கேதான் இருக்கிறது. பதிவுக்கு 12 மாதம் என்று மத்தியச் சட்டம் சொன்னாலும், வரிக்கு அவ்வளவு நாள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று மாநிலங்கள் யோசித்தன. கர்நாடகம் 2014-ல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தால் ஆயுள் வரி கட்ட வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரள, தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைப் பெங்களூர்ச் சாலைகளில் நிறுத்திப் பிடித்தது அப்போது பெரிய பேச்சு. வழக்கு நடந்து, 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அந்தத் திருத்தம் செல்லாது என்றார். மத்தியச் சட்டம் தந்திருக்கும் 12 மாத அவகாசத்தை மாநிலம் குறுக்கு வழியில் சுருக்க முடியுமா என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம். முப்பது நாள் என்ற பேச்சு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

புதுச்சேரி நம்பர்

வரியில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், குறைவாக இருக்கும் இடத்தில் பதிவு செய்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். தென்னிந்தியாவில் அந்த ஆசைக்குப் பெயர் புதுச்சேரி. பி.ஒய். 01 நம்பரோடு சென்னையிலும் கொச்சியிலும் ஓடும் விலையுயர்ந்த கார்கள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் புதுச்சேரிவாசி இல்லை என்பது ஊரறிந்த ரகசியம். அங்கே ஒரு வாடகை ஒப்பந்தம் தயார் செய்து பதிவு செய்வார்கள். 2017-ல் கேரளாவில் இது பெரிதாக வெடித்தது. திரையுலகினர் உட்படப் பலரின் சொகுசுக் கார்கள் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிவானதாகப் போலீஸ் விசாரணை நடந்தது. சிலர் கேரளாவுக்குரிய வரியைப் பிறகு கட்டினார்கள்.

புதுச்சேரியில் உண்மையாகவே குடியிருப்பவர் அங்கே பதிவு செய்வதில் எந்தத் தவறும் இல்லை. பொய் முகவரி என்றால்தான் சிக்கல், அதுவும் சின்னச் சிக்கல் இல்லை. பொய்யான ஆவணத்தையோ தகவலையோ காட்டி வாங்கிய பதிவை ரத்து செய்ய 55-வது பிரிவில் இடமிருக்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 192பி பிரிவு இன்னும் கடுமையானது. அப்படிப் பதிவு செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, கூடவே ஆண்டு வரியில் பத்து மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். போலி ஒப்பந்தம் தயாரித்ததற்கு மோசடி வழக்கு தனி. மிச்சம் பிடிக்க நினைத்த லட்சங்களோடு இதை வைத்துப் பாருங்கள்.

பி.எச். நம்பர் யாருக்கு?

அடிக்கடி மாற்றலாகும் ஆட்களின் புலம்பலுக்குப் பதிலாக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது பி.எச். வரிசை. பி.எச். என்பது பாரத். அந்த ஆண்டு செப்டம்பர் 15-லிருந்து நடைமுறை. மாநில எழுத்துக்குப் பதிலாக, பதிவான ஆண்டின் இரண்டு இலக்கங்கள், பி.எச்., நாலு எண், கடைசியில் எழுத்துகள் என்று பிளேட் இருக்கும். மாநிலம் மாறினாலும் இந்த நம்பரை மாற்ற வேண்டாம்.

எல்லோருக்கும் கிடைக்காது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், அப்புறம் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ யூனியன் பிரதேசங்களிலோ அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். தனியார் ஊழியர் நிறுவனத்திடமிருந்து படிவம் 60-ல் சான்று வாங்கித் தர வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு இதில் இடமில்லை. மளிகைக் கடைக்காரரும் மாநிலம் மாறத்தானே செய்கிறார் என்று கேட்டால் விதியில் பதில் கிடையாது.

வரி முறைதான் இதன் உண்மையான வித்தியாசம். ஜி.எஸ்.டி. நீங்கலான பில் விலை 10 லட்சத்துக்குள் என்றால் 8 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசல் என்றால் 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டி என்றால் 2 குறைவு. இதை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருஷமாகப் பிரித்துக் கட்டுவார்கள். 14 வருஷம் ஆனபின் ஆண்டுதோறும் பாதி. தவணையை மறந்தால், முடிந்த 7 நாளுக்குப் பிறகு ஒரு நாளுக்கு 100 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். மறதிக்காரர்கள் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆயுள் வரியை நம்பியிருக்கும் மாநிலங்கள் இந்தத் திட்டத்தை ஒரே உற்சாகத்தோடு ஏற்கவில்லை. அதனால் ஷோரூம் விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பாமல், முன்பணம் கட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, தகுதி இருந்தால் ஏற்கெனவே சாதாரண நம்பர் உள்ள வண்டியையும் பி.எச்.சுக்கு மாற்றலாம்; பி.எச். வண்டியைத் தகுதியில்லாதவருக்கு விற்கவும் செய்யலாம்.

டெல்லி நம்பர் கார் வாங்குகிறவர்களுக்கு

டெல்லிப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னபிறகு, அங்கிருந்து மலிவாகக் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. விலையைக் கேட்டதும் வாயைப் பிளந்துவிடாதீர்கள். வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

பழைய ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. கையில் இருக்கிறதா, அதில் உங்கள் பகுதி அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அல்லது நடுவில் இரண்டு புரோக்கர் கை மாறி வந்த வண்டியா? கடன் இருந்திருந்தால் அது ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டதா? வெளிமாநிலத்தில் வாங்கிய வண்டிக்குப் பெயர் மாற்றமும் நம்பர் மாற்றமும் தமிழ்நாட்டு வரியும் ஒன்றாகவே வந்து நிற்கும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. ஊர் மாறி வந்தவருக்குக் கிடைக்கும் 12 மாத அவகாசத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. வண்டியின் முதல் விலையையும் வயதையும் சொல்லி எவ்வளவு வரி வரும் என்று ஆர்.டி.ஓ.வில் முதலிலேயே கேளுங்கள். அந்தத் தொகையைக் காரின் விலையோடு கூட்டி, உள்ளூரில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.